நகல் என்று கழித்த செய்தி

என் வேலையில் பாதி, யாரும் படிக்காத ஒன்றை எழுதுவது. எங்கள் மென்பொருளின் புதிய வெர்சன் வெளியாகும்போதெல்லாம், என்னென்ன புதிதாகச் சேர்ந்திருக்கிறது, எந்தெந்தக் கோளாறு சரியாகியிருக்கிறது என்று குறிப்பு எழுதி வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவேன். சேலத்தில், ஏற்காட்டுக்கு மலை ஏறும் சாலையின் அடியில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. மென்பொருள் செய்வது தபால்காரர் வேலைதான். ஓர் இடத்திலிருந்து செய்தியை வாங்கி, அது யார் யாருக்குப் போக வேண்டும் என்று பார்த்து, அவர்களிடம் சேர்க்கும். தீவன ஆலையிலிருந்து லாரி கிளம்பினால் பண்ணைக்காரருக்குச் செய்தி போகும். கோழி ஷெட்டில் மின்விசிறி நின்றுபோனால் முதலாளிக்கும் பக்கத்து ஜெனரேட்டர் மெக்கானிக்குக்கும் ஒரே நேரத்தில் அலாரம் அடிக்கும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ராசிபுரத்தில் விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவள் நான். அங்கே கத்திப் பேசினால்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே கேட்கும். தறி ஓடும்போது குழந்தை நிம்மதியாகத் தூங்கும், தறி நின்றால் விழித்துக்கொள்ளும். அந்த வளர்ப்பில் எனக்கு வாய் பெரிதாகிவிட்டது. அலுவலகத்தில் என்னைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு, அதில் எனக்கு வருத்தமில்லை.

நான் சொல்ல வருவது ஒரு வெர்சனில் சேர்ந்த ஒரே ஒரு வசதியைப் பற்றி. அதற்கு முன் நாமக்கல் பக்கத்து அண்ணன் தம்பி இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர்களுடைய அப்பா தொடங்கிய கோழிப்பண்ணை அது. அவர் இறந்த பிறகு பாகம் பிரித்து, நடுவில் முள்கம்பி வேலி போட்டுக்கொண்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு ஷெட், அந்தப் பக்கம் ஒரு ஷெட், நடுவில் பத்தடிகூட இருக்காது. இரண்டுமே நாலாபக்கமும் அடைத்த நவீன ஷெட்டுகள். பக்கவாட்டில் கனமான படுதா, ஒரு கோடியில் ஆள் உயர மின்விசிறிகள். அந்த விசிறிகள் இழுக்கும் காற்றில்தான் உள்ளே இருக்கும் கோழிகள் உயிரோடிருக்கும். கோடையில் விசிறி நின்றால், ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டு எழும் நேரத்துக்குள் மொத்தக் கோழியும் செத்துவிடும். அதனால்தான் எங்கள் அலாரக் கருவியை வாங்கினார்கள்.

கருவியை மாட்ட நான்தான் போனேன். எங்கள் கணக்கில் பண்ணைக்கு ஒரு பண்ணை எண், ஷெட்டுக்கு ஒரு ஷெட் எண். பண்ணை இரண்டாகிவிட்டதே, ஒருவர் புது எண் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"அந்த நெம்பரு எங்கப்பன் வாங்குனது அம்மிணி. மூத்தவன் நானிருக்கறப்ப அவனுக்கு எதுக்குங்க அது?" என்றார் அண்ணன்.

"எங்கப்பன் கடேசி வரைக்கும் கஞ்சி குடிச்சது என்ற ஊட்டுல. நெம்பரு எனக்குத்தானுங்க," என்றார் தம்பி.

இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. வேலியின் இரண்டு பக்கமும் நின்று என்னிடமே பேசினார்கள். சரி, பண்ணை எண் ஒன்றாகவே இருக்கட்டும், ஷெட் எண்ணையாவது ஒன்று, இரண்டு என்று போடுகிறேன் என்றேன். இரண்டாவதாக இருக்க இருவருமே தயாரில்லை. "என்ற ஷெட்ட ரெண்டுன்னு எழுதுனீங்கன்னா கருவியக் கழட்டிக் கெணத்துல வீசிப்போடுவேன்," என்றார் தம்பி. "ரெண்டுன்னு எழுதறதுக்கு அவன் மூஞ்சிதான் செரி," என்று அண்ணன் என்னிடம் சொன்னார். தம்பி கையிலிருந்த ஸ்பேனரை எறிந்தார். அது என் காதை ஒட்டிப் போய் அண்ணனின் முழங்கையில் பட்டது. அண்ணன் வேலியைத் தாண்டி வந்து தம்பியின் கழுத்தைப் பிடித்து, கம்பியோடு வைத்து அழுத்தினார். தம்பியின் கன்னத்தில் முள் கிழித்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. நான் கத்தியதில்தான் விட்டார். கடைசியில் இரண்டுமே 'ஷெட் ஒன்று' ஆயின. ஒரே பண்ணை எண், ஒரே ஷெட் எண். எந்தக் கருவி அனுப்புகிறது என்பதை மட்டும் வைத்துப் பிரித்து, அவரவர் போனுக்கு அலாரம் போகிற மாதிரி ஏற்பாடு செய்தேன். அப்போதைய வெர்சனில் அது ஒழுங்காக வேலை செய்தது.

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கருவியைச் சோதிக்கத் தம்பியின் விசிறிகளை நிறுத்தச் சொன்னேன். அண்ணனின் விசிறிகள் அந்தப் பக்கம் இரைந்துகொண்டுதான் இருந்தன. அவர் முழங்கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் படுத்திருந்தார். தம்பியின் விசிறி நின்றதும் சடக்கென்று எழுந்து உட்கார்ந்து வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எங்கள் கருவி அதற்குப் பிறகுதான் செய்தி அனுப்பியது. கருவியைவிட இந்த மனுஷன் வேகமாக இருக்கிறாரே என்று அப்போது சிரித்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் புது வெர்சன் வந்தது. ஒரே ஷெட்டில் இரண்டு மூன்று கருவி மாட்டியிருந்த பெரிய பண்ணைக்காரர்கள், ஒரே அலாரம் திரும்பத் திரும்ப அடித்து உயிரை எடுக்கிறது என்று புலம்பிக்கொண்டே இருந்தார்கள். அதற்காக ஒரு வசதி செய்தோம். ஒரே பண்ணை எண், ஒரே ஷெட் எண், ஒரே அலாரம் சில நிமிடங்களுக்குள் மறுபடி வந்தால், இரண்டாவதை நகல் என்று கழித்துவிடும். முதலில் வந்தது மட்டும் போகும். நல்ல வசதிதான். ஆனால் அதைப் படித்தவுடன் எனக்கு அந்த அண்ணன் தம்பி ஞாபகம்தான் வந்தது. குறிப்பில் ஒரு எச்சரிக்கை எழுதினேன்: ஒரே எண்ணை இருவர் வைத்திருந்தால் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒருவருக்கு அலாரம் வராது.

எங்கள் முதலாளி அந்த வரியை எடுத்துவிட்டார். "அலாரம் வராதுன்னு நாமளே எழுதிக் குடுத்தா எவம்மா வாங்குவான்? நீ கம்பெனிக்கு வேல செய்றியா, எதிர்க்கட்சிக்கா?" என்றார்.

எழுந்து நின்று கத்தினேன். மேஜைமேல் இருந்த பேனா ஸ்டாண்டு கீழே விழுந்தது. நானாகத் தள்ளவில்லை, ஆனால் விழுந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அந்த ஒரு பண்ணையையாவது பழைய வெர்சனிலேயே வைத்திருங்கள் என்றேன். சரிம்மா, வைக்கச் சொல்றேன் என்றார். நான் அதோடு விடாமல் அண்ணன் தம்பி இருவருக்கும் போன் செய்து, எண்ணைப் பிரிக்காவிட்டால் ஆபத்து என்று விளக்கினேன். "மொதல்ல அவன மாத்தச் சொல்லுங்க," என்றார் தம்பி. "அவன் மாத்துனா நான் பேசறேன்," என்றார் அண்ணன். சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. பழைய வெர்சன்தானே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். முதலாளி எல்லாரையும் ஒரே அடியாகப் புது வெர்சனுக்கு மாற்றியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

அது அக்கினி நட்சத்திரக் காலம். ஒரு நாள் உச்சி வெயிலில் அவர்கள் ஊர் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோயிற்று. மறுநாள் காலை தம்பி அலுவலகத்துக்குப் போன் செய்தார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

தம்பி கத்தவில்லை. தணிந்த குரலில் நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் அவர் திருச்செங்கோட்டில் மச்சினன் குழந்தைக்குக் காதுகுத்துக்குப் போயிருக்கிறார். வேலைக்கார ஜோடி சொந்த ஊருக்குப் போய்விட்டதால் பண்ணையில் ஆள் இல்லை. போன் இருக்கிறதே, அடித்தால் மெக்கானிக் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டுவிடுவான் என்று நம்பிப் போயிருக்கிறார். போன் அடிக்கவே இல்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஒரு கோழிகூட மிச்சமில்லை. அந்தப் பக்கம் அண்ணனின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அண்ணனின் கோழிகள் தீவனம் தின்றுகொண்டிருந்தன.

"என்ற கருவி மெசேஜு அனுப்புச்சுங்களா இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க," என்றார்.

முதலாளி திரையைப் பார்க்காமலே பதில் சொன்னார். "எங்க சைடுல எல்லாம் கரெக்டா இருக்கு சார். உங்க கருவியிலருந்து எதுவும் வரல."

"வரவே இல்லீங்களா?"

"இல்லைங்க சார்."

அவருக்குப் பின்னால் மண் அள்ளும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. "அப்ப ஒயர அறுத்துப்போட்டிருக்கறான்," என்றார் தம்பி. "செரிங்க. ஜேசிபி குழி தோண்டிட்டிருக்குது. கோழியப் போட்டு மூடிட்டு, அவனுக்கும் ஒண்ணு தோண்டச் சொல்றேன்." வைத்துவிட்டார்.

நான் பதிவுகளைத் திறந்தேன். தம்பியின் கருவி செய்தி அனுப்பியிருந்தது. மின்சாரம் போனவுடன் இரண்டு கருவிகளும் அடுத்தடுத்து அலறியிருக்கின்றன. அண்ணனுடையது முந்திக்கொண்டது, போய்ச் சேர்ந்தது. தம்பியுடையதற்கு எதிரே 'நகல், கழிக்கப்பட்டது' என்று இருந்தது. நாங்கள்தான் அந்தக் கோழிகளைக் கொன்றோம். இப்போது ஒரு மனுஷனையும் கொல்லப்போகிறோம்.

லேப்டாப்பை முதலாளியின் முன்னால் கொண்டுபோய் வைத்து, "கூப்பிட்டு உண்மையச் சொல்லுங்க," என்றேன். "வாயத் தொறந்தா கம்பெனிய மூடிட்டுப் போக வேண்டியதுதான்," என்று சொல்லிக்கொண்டே, என் விரல்கள் உள்ளே இருக்கும்போதே லேப்டாப்பை அடித்து மூடினார். உயிர் போகும் வலி. நான் மற்ற கையை நீட்டிவிட்டேன். அவருடைய கண்ணாடி பறந்து ஏசிக்குக் கீழே விழுந்தது. என் வாழ்க்கையில் ஒரு பெரியவரை அடித்தது அதுதான் முதல் தடவை. இப்போது நினைத்தாலும் கை குறுகுறுக்கிறது, வருத்தம் வரவில்லை.

தம்பியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. உண்மையை எழுதி அனுப்பினேன், அவர் பார்க்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி அண்ணனைக் கூப்பிட்டேன். தம்பி கொல்ல வருகிறான், கொஞ்ச நேரம் எங்கேயாவது போய்விடுங்கள் என்றேன்.

"வரட்டுமுங்க. என்ற கையென்ன பூப்பறிக்குதா?"

"போலீசுக்குச் சொல்லட்டுமா?"

"எங்க ஊட்டுச் சண்டைக்குப் போலீசக் கூப்புட்டீங்கன்னா, அப்பறம் உங்களையும் வெட்ட வேண்டி வந்துரும் அம்மிணி." இதையும் மரியாதையோடுதான் சொன்னார்.

உங்கள் இரண்டு பேரையும் பெற்ற அப்பனைச் சொல்ல வேண்டும் என்று போனிலேயே திட்டிவிட்டு வண்டியை முறுக்கினேன். நெடுஞ்சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. ஹேண்டில் பிடிக்க முடியாமல் விரல்கள் வீங்கியிருந்தன. வழி முழுக்க எனக்கு ஒரே நினைப்புதான். தம்பி கேட்கிற தூரத்துக்குப் போய், ஒயரை யாரும் அறுக்கவில்லை, தப்பு எங்களுடையது என்று சொல்லிவிட்டால் போதும். அண்ணன் பிழைத்துக்கொள்வார்.

பண்ணைக்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. ஜேசிபி பாதி மூடிய குழியோரம் நின்றது, ஓட்டுநர் இல்லை. வெள்ளைக் கோழிகள் குழிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தன. மேலே தூவியிருந்த சுண்ணாம்பு எது, இறகு எது என்று தெரியவில்லை. வேலி ஓரிடத்தில் வெட்டப்பட்டு, சுருண்டு கிடந்தது. டிரான்ஸ்பார்மர் இன்னும் சரியாகவில்லை. அண்ணனின் ஜெனரேட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது, அவருடைய விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலில், நான் வண்டியை நிறுத்தியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் ஜெனரேட்டர் கொட்டகைத் தூணில் சாய்ந்து கிடந்தார். நெற்றி பிளந்து ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. அவருடைய அரிவாள் எட்டாத தூரத்தில் மண்ணில் கிடந்தது. தம்பி அவர் தலைமயிரைப் பிடித்துக் கழுத்தை நிமிர்த்தி வைத்திருந்தார். மற்ற கையில் வெட்டரிவாள் இருந்தது. அண்ணனின் மனைவி வீட்டு வாசலில் நின்று அலறிக்கொண்டிருந்தார், குரல் கேட்கவில்லை, வாய் திறந்து மூடுவதுதான் தெரிந்தது.

நான் தறி வீட்டுக் குரலை எடுத்தேன். "ஒயர அறுக்கல! யாரும் அறுக்கல! உங்க கருவி மெசேஜ் அனுப்புச்சு, எங்க கம்பெனிதான் அத அனுப்பாம விட்டுருச்சு!"

அரிவாள் நின்றது. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே எண், ஒரே ஷெட், புது வெர்சன், நகல் என்று கழித்தது, முதலாளி சொன்ன பொய், எல்லாம். பதிவைப் போனில் காட்டினேன். தம்பி அதைப் பார்த்தார். தலைமயிரைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. வந்த வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "கேட்டியாடா? கம்பெனிக்கார அம்மிணியே சொல்லிருச்சு. நான் எதையும் தொடலீடா." எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் தம்பியிடம் நேராகப் பேசியது அதுவாகத்தான் இருக்கும்.

தம்பி என்னைப் பார்த்தார். "மெசேஜு வல்ல. அது உங்க தப்பு. செரிங்க." பிறகு அண்ணன் பக்கம் கையைக் காட்டினார். "இவன் இங்க நின்னு ஜெனரேட்டர் போட்டிருக்கறான். பத்தடில என்ற ஷெட்டு. என்ற வெசிறி நின்னது இவனுக்குக் கேக்கலைங்களா? இவனுக்கு என்ன வெர்சன் போடுவீங்க அம்மிணி?"

கருவி மாட்டிய அன்று கட்டிலில் சடக்கென்று எழுந்து உட்கார்ந்த முதுகு எனக்கு ஞாபகம் வந்தது.

"உனக்கும் அலாரம் அடிச்சிருக்கும், மெக்கானிக்கு வருவான்னு நெனச்சேன்," என்றார் அண்ணன்.

"கேட்டுச்சா இல்லியா?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "கேட்டுச்சு."

தம்பி அரிவாளை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அண்ணன் அப்படியேதான் கிடந்தார். அரிவாள் ஜெனரேட்டரின் டீசல் குழாயை அறுத்துக்கொண்டு போயிருந்தது. டீசல் பீறிட்டு அண்ணனின் மார்பில் அடித்தது. இயந்திரம் இரண்டு முறை திணறிவிட்டு நின்றது. விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. வாசலில் நின்றவர் அலறுவது இப்போதுதான் காதில் விழுந்தது. பிறகு அவரும் நிறுத்திவிட்டார்.

"இப்பக் கேளு," என்றார் தம்பி. எழப்போன அண்ணனின் மார்பில் காலை வைத்து அழுத்தினார். "நல்லாக் கேளு. நேத்து நீ கேட்டது இதுதான்."

அண்ணனின் ஷெட்டுக்குள் கோழிகள் கேவ ஆரம்பித்தன. நான் படுதாவை நோக்கி ஓடினேன். படுதாவை இறக்கிவிட்டால் காற்று உள்ளே போகும். கயிறு வெயிலில் காய்ந்து முடிச்சு இறுகியிருந்தது. என் நசுங்கிய விரலில் நகம் கழன்று தொங்கியது, முடிச்சு அசையவில்லை. பல்லால் கடித்தேன். உள்ளே இறக்கைகள் கூண்டுக் கம்பியில் மோதும் சத்தம் அதிகமாகிக்கொண்டே வந்தது. அந்தக் கோழிகள் யாருக்கு என்ன பாவம் செய்தன? எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. வயதில் மூத்தவர், வாடிக்கையாளர் என்று எதுவும் நினைவில்லை. "கேட்டது போதுண்டா நாயே! உனக்குக் காது இருக்கில்ல? உனக்குந்தான கேக்குது? வந்து அறுத்து விடுடா!" என்று தம்பியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். அரிவாளோடு ஓடிவந்தார். என்னைத்தான் வெட்ட வருகிறார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அரிவாள் என் தலைக்கு மேலே கயிற்றில் இறங்கியது. படுதா சரிந்து விழுந்து வெளிக்காற்று உள்ளே அடித்தது. அடுத்த கயிற்றை வெட்டினார், அதற்கடுத்ததையும் வெட்டினார். வெட்டும்போது அழுதுகொண்டிருந்தார், வாயில் வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் அண்ணனையும் அப்பாவையும் எங்கள் கம்பெனியையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்ப்புறம் டீசலும் ரத்தமும் வழிய அண்ணன் படுதாவைக் கையால் கிழித்து இறக்கிக்கொண்டிருப்பது, இந்தப் பக்கத்திலிருந்து கூண்டுகளின் ஊடே தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நடுவில் இருந்த கூண்டுகளில் சில கோழிகள் தலை தொங்கிச் செத்தன. மற்றவை பிழைத்தன.

அண்ணனை என் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து, நாமக்கல்லில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். தையல் போட்டவரிடம், தவிட்டு மூட்டை ஏற்றும்போது வழுக்கி விழுந்தேன் என்று வாய் கூசாமல் சொன்னார். என் விரலைக் காட்டி இது எப்படி என்று கேட்டபோது, நானும் மூட்டையோடுதான் விழுந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வெர்சனுக்கான குறிப்பை முதலாளியே எழுதி வைத்திருந்தார். 'சில சூழல்களில் நகல் கண்டறிதல் மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று ஒரு வரி. அதை அடித்துவிட்டு, ஒருவருக்கு வர வேண்டிய உயிர்போகும் அலாரத்தை எங்கள் மென்பொருள் கழித்துவிட்டது, இப்போது போய்ச்சேர வேண்டிய ஆள் வேறென்றால் கழிக்காது என்று எழுதினேன். இதை மாற்றினால் பதிவுகளை எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பிவிடுவேன் என்று சொன்னேன். அவர் புதுக் கண்ணாடி வழியாக என்னை முறைத்துவிட்டு, அப்படியே விட்டார். என்னை வேலையை விட்டு அனுப்பவும் அவருக்குத் தைரியம் வரவில்லை. அண்ணன் தம்பிக்கு எண்களை நானே பிரித்தேன். அப்பாவின் எண்ணை யாருக்கும் கொடுக்காமல் நீக்கிவிட்டு, இருவருக்கும் ஆளுக்கொரு புது எண் போட்டேன். அவர்களைக் கேட்கவில்லை. அவர்களும் அதற்காகச் சண்டைக்கு வரவில்லை.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் அண்ணன் கூப்பிட்டார். தம்பி ஷெட்டில் புதிதாகக் கோழி விட்டிருக்கிறான் என்றார். தையல் பிரித்துவிட்டார்கள், கண் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறது என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அவன் ஷெட்டு அலாரம் என்ற போனுக்கும் வர்ற மாதிரி போட்டுடுங்க அம்மிணி. அவனுக்குத் தெரிய வேண்டாம்."

"போட மாட்டேன்," என்றேன். "பத்தடி தூரத்துக்கு எங்க கம்பெனி மெசேஜ் அனுப்பாதுங்க."

அவர் கோபப்படவில்லை. போனையும் வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் விசிறிகள் ஓடும் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு ஷெட் ஓடுகிறதா, இரண்டும் ஓடுகின்றனவா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவருக்குத் தெரியும்.